‘அந்த வயசு அப்படித்தான்’ என்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள்
சிஸ்டர் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: “இந்த வயசுல இப்படித்தான் இருக்கும்னு சொல்றாங்க, சரியா சிஸ்டர்?” அரசு மகப்பேறு மருத்துவமனையில் வேலை பார்த்த காலம் முழுக்க நான் கேட்ட பேச்சு இது. ரத்தம் இல்லாமல் வெளுத்துப்போய் வந்து படுத்த பெண்களும் இதைச் சொல்லிக்கொண்டுதான் வந்தார்கள். வயசு ஒரு காரணமாக இருக்கலாம். மற்ற காரணங்களைப் பார்த்து, இல்லை என்று தெரிந்த பிறகுதான் வயசின் மேல் பழியைப் போட வேண்டும்.

எனக்கு 54 வயது. சர்க்கரை உண்டு. மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் திடீரென்று இரண்டு நாள் லேசாகப் பட்டது. சூடுதான் என்று நாத்தனார் சொன்னதால் வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிட்டேன், நின்றுவிட்டது. இனி பயமில்லையே? – வாசகி, கொளத்தூர்

அவசரம் என்பதால் உங்கள் கடிதத்தை முதலில் எடுத்துக்கொண்டேன் அம்மா. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் மாதவிலக்கு நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்குப் பிறகு ஒரு சொட்டு பட்டாலும் டாக்டரிடம் காட்டியாக வேண்டும். தானாக நின்றாலும் காட்ட வேண்டும். வெந்தயம் சாப்பிட்டதில் தப்பில்லை. ஆனால் ரத்தம் எங்கிருந்து வந்தது என்று வெந்தயத்துக்குத் தெரியாது.

பெரும்பாலும் உள்தோல் மெலிந்து உலர்ந்ததாலோ சின்னச் சதை வளர்ச்சியாலோ இருக்கும். சிலருக்கு மட்டும் கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்றுநோயின் முதல் அறிகுறியே இதுதான். சர்க்கரை, உடல் பருமன் உள்ளவர்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் அதிகம். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் பெரும்பாலும் முழுதாகக் குணப்படுத்திவிடலாம், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். உள்வழியாக ஸ்கேன் எடுத்து அந்த உள்சுவரின் தடிமனை அளப்பார்கள். 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் சிறிது திசு எடுத்துச் சோதிப்பார்கள். இந்த வாரமே கிளம்புங்கள். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மூன்றிலும் காலையில் புறநோயாளிகள் பிரிவு உண்டு. நாத்தனாரையும் துணைக்கு அழைத்துப் போங்கள், அவரும் தெரிந்துகொள்ளட்டும்.

தி.நகர் ஜவுளிக் கடையில் சேல்ஸில் இருக்கிறேன். வயது 46. ஒரு வருடமாக மாதவிலக்கு வந்தால் பத்து நாள் போகிறது, கட்டி கட்டியாகப் படுகிறது. இரண்டு நாப்கின் சேர்த்து வைத்தும் சேலை நனைந்துவிடுமோ என்று பயம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பாத்ரூம் போனால் சூப்பர்வைசர் முறைப்பார் என்று தண்ணீரே குடிப்பதில்லை. ஒரு கிளினிக்கில் ஸ்கேன் பார்த்து, “சின்னக் கட்டி இருக்கு, பிள்ளை பெத்தாச்சு, கர்ப்பப்பையை எடுத்துடலாம்” என்றார்கள். கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும். எடுத்துவிடலாமா? – பெயர் வேண்டாம், மேற்கு மாம்பலம்

இப்போதைக்குக் கடன் வாங்காதீர்கள் கண்ணு. முதலில் ரத்தப் பரிசோதனை. கண்ணாடி முன்னால் நின்று கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் சிவப்பாக இருக்க வேண்டியது வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். நகத்தையும் பாருங்கள், சிலருக்கு நடுவில் குழி விழுந்திருக்கும். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை, 8-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இதில் நீங்கள் தனி ஆள் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இத்தனை பேர் மூச்சு வாங்கிக்கொண்டே வேலை செய்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

அடுத்து, கர்ப்பப்பை. நாற்பதுகளின் நடுவில் முட்டை வெளிவருவது முறை தவறும், அதனாலேயே ரத்தப்போக்கு அதிகமாகலாம். தைராய்டு குறைந்தாலும் இப்படி ஆகும், அதனால் டிஎஸ்ஹெச் என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல்லுங்கள். ஃபைப்ராய்டு என்கிற நார்க்கட்டி புற்றுநோய் இல்லை. மிகப் பல பெண்களுக்கு இருக்கும், மாதவிலக்கு நின்ற பிறகு தானாகவே சுருங்கிவிடும். உங்கள் வயதில் இவ்வளவு போக்கு இருந்தால் கர்ப்பப்பை உள்சுவரிலிருந்து திசு எடுத்துச் சோதிப்பது வழக்கம். கிளினிக்கில் அதைச் செய்தார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. செய்யவில்லை என்றால், காரணம் என்ன என்று பார்ப்பதற்கு முன்னாலேயே எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அது தெளிவான பிறகு வழிகள் இருக்கின்றன. போக்கு உள்ள நாட்களில் மட்டும் போடுகிற டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, காப்பர் டி மாதிரி உள்ளே பொருத்தி ஐந்து வருடம் வரை சிறிது சிறிதாக ஹார்மோன் விடும் சாதனம். எதற்கும் கட்டுப்படவில்லை, கட்டி பெரிது, புற்றுநோய்ச் சந்தேகம் என்றால் அறுவை சிகிச்சை சரிதான். அப்போதும் சினைப்பையை விட்டுவைப்பீர்களா, எடுப்பீர்களா என்று கேளுங்கள். சினைப்பை இரண்டையும் எடுத்தால் மறுநாளே மாதவிலக்கு நின்ற உடம்பாகிவிடும். எலும்புக்கும் இதயத்துக்கும் அது நல்லதில்லை. தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பதைத் தடுக்க மத்திய சுகாதாரத் துறை 2022-இல் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. எல்லா மாநிலங்களும் அதை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. பிள்ளை பெற்றாகிவிட்டது என்பது ஒரு உறுப்பை எடுப்பதற்குக் காரணம் ஆகாது. அரசு மருத்துவமனையில் இரண்டாவது கருத்து கேளுங்கள். அங்கே சிகிச்சை இலவசம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் எடுத்துவையுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். டீ, காபியோடு போட்டால் சத்து உடம்பில் சேராது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ கூடச் சேர்த்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்தாதீர்கள். ரத்தம் ஏறிய பிறகும் மூன்று மாதம் சாப்பிட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுதாக நனைந்து தலை சுற்றினால் எதற்கும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இனி கடை. தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீரில் கிருமி தொற்றும். போக்கு உள்ள நாளில் தலைசுற்றலும் கூடும். பகல் முழுக்க நிற்பதால் காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதும் ஜவுளிக் கடைப் பெண்களிடம் நான் நிறையப் பார்த்தது. உட்கார உங்களுக்கு உரிமை இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வேலை செய்பவர்களுக்கு இருக்கை போட்டுத் தர வேண்டும், வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது அது. கேரளத்தில் 2018-இலேயே வந்துவிட்டது. தனியாகப் போய்க் கேட்காதீர்கள், உங்கள் ஃப்ளோரில் இருக்கிற நாலைந்து பேர் சேர்ந்து மேனேஜரிடம் பேசுங்கள். நடக்கவில்லை என்றால் தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளரிடம் மனு கொடுக்கலாம். ரிப்போர்ட் வந்ததும் எனக்கு மறுபடியும் எழுதுங்கள், காத்திருப்பேன்.

சிஸ்டர், வணக்கம். ஆட்டோ ஓட்றேன். வீட்டுக்காரம்மாவுக்கு 49. நைட்டு மூணு மணிக்கு எழுந்து உக்காந்துடுது. ஃபேன் ஓடும்போதே வேர்த்து ஊத்துது, மொட்டை மாடிக்குப் போயிடுது. காலைல சின்ன விஷயத்துக்கும் கத்துது, அப்புறம் அதுவே அழுவுது. பக்கத்துல போனா எரிஞ்சு விழுது. காத்து கருப்பு, மந்திரிக்கணும்னு எங்கம்மா சொல்லுது. நான் இன்னா செய்யணும்? – வாசகர், வியாசர்பாடி

தம்பி, “நான் இன்னா செய்யணும்” என்று கேட்டு ஒரு கணவர் எழுதியது எனக்கு ரொம்பச் சந்தோஷம். காத்தும் இல்லை, கருப்பும் இல்லை. மாதவிலக்கு நிற்கப்போகிற நேரத்தில் ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் ஏறி இறங்கும். உடம்புச் சூட்டைக் கட்டுப்படுத்துகிற மூளைப் பகுதி தடுமாறும். முகத்திலும் நெஞ்சிலும் திடீரென்று காந்தி, வேர்த்து ஊற்றி, சில நிமிடத்தில் அடங்கும். சிலருக்கு இது ஏழெட்டு வருடம்கூட நீடிக்கும். தினம் மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறவர் காலையில் கத்தாமல் எப்படி இருப்பார்? அவருக்குத் தூக்கம் வேண்டும்.

பக்கத்தில் போனால் எரிந்து விழுவதற்கு வெறுப்பு காரணமாக இல்லாமல் இருக்கலாம். இந்த வயதில் உள்ளே ஈரப்பசை குறைந்து வலிக்கும், எரியும். வெட்கப்பட்டுக்கொண்டு புருஷனிடமே சொல்ல மாட்டார்கள். “வலிக்குதா?” என்று நீங்களே மெதுவாகக் கேளுங்கள். மருந்துக் கடையில் இதற்கென்றே வழவழப்பான ஜெல் கிடைக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஈஸ்ட்ரோஜன் க்ரீமும் உண்டு.

ஒரு நாள் சவாரியை விட்டுவிட்டு நீங்களே கூட்டிப்போய் பி.பி., சர்க்கரை, தைராய்டு பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமானாலும் இதே மாதிரி வேர்க்கும், படபடக்கும். தாங்க முடியாத அளவுக்கு இருந்தால் ஹார்மோன் சிகிச்சை இருக்கிறது. மாதவிலக்கு நிற்கிற வயதை ஒட்டித் தொடங்கினால் பலருக்கு நல்ல பலன் தரும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் காலில் ரத்தம் உறைந்தவர்களுக்கும் கொடுக்க மாட்டார்கள், அதனால் டாக்டரைக் கேட்காமல் எதுவும் வாங்காதீர்கள். காலையில் தண்ணீர் பிடிக்கிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரம் அவர் தூங்கட்டும். தலைமாட்டில் மாற்று நைட்டியும் தண்ணீர் பாட்டிலும் இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் அழுதுகொண்டே இருந்தால் 14416-க்குப் போன் போடுங்கள். அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. உங்கள் அம்மாவிடம் கோபப்படாதீர்கள். அவருக்கும் இதே வயதில் இதெல்லாம் இருந்திருக்கும், கேட்க ஆள் இருந்திருக்காது.

தினமும் கேழ்வரகுக் கஞ்சி குடிக்கிறேன். கால்சியம் மாத்திரை வேண்டாம்தானே? – வாசகி, அம்பத்தூர்

நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. ஒரு டம்ளர் கஞ்சிக்கு நீங்கள் போடுவது இரண்டு ஸ்பூன் மாவு. நாளுக்கு வேண்டியது 1000 மில்லிகிராமுக்கு மேல். பால், தயிர், முள்ளோடு சாப்பிடுகிற நெத்திலி, முருங்கைக்கீரை எல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள். வைட்டமின் டி ஒரு முறை பாருங்கள். மெட்ராஸ் வெயிலிலும் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கு அது குறைகிறது. மாத்திரை வேண்டுமா என்பதை அதன் பிறகு டாக்டர் முடிவு செய்யட்டும்.

வயது 56. இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறது. அதனால் கல்யாணம், கோயில் எங்கும் போவதில்லை. பூங்காவில் பெண்கள் உடற்பயிற்சி செய்வதைப் பார்த்து ஆசையாக இருக்கிறது. “இந்த வயசுல எதுக்கும்மா” என்கிறான் மகன். – வாசகி, மயிலாப்பூர்

இந்த வயதில்தான் வேண்டும் என்று மகனிடம் சொல்லுங்கள். மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு வேகமாகக் கரைகிறது. நடையோடு தசைக்கு வேலை கொடுத்தால்தான் விழாமல் இருப்போம், விழுந்தாலும் இடுப்பு உடையாமல் இருக்கும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவதில் தொடங்குங்கள்.

கசிவுக்கும் பயிற்சி உண்டு. சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசையை உள்ளே இழுங்கள். ஐந்து எண்ணும் வரை பிடியுங்கள், பிறகு ஐந்து எண்ணும் வரை விடுங்கள். வயிற்றையும் தொடையையும் இறுக்காதீர்கள், மூச்சை அடக்காதீர்கள். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. சிறுநீர் போகும்போது செய்து பார்க்கக் கூடாது. டிவி பார்க்கும்போதும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும் செய்யலாம், யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் விடாமல் செய்தால் பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் குறையும். அடி இறங்குவதுபோல் கனமாக இருந்தாலோ கழுவும்போது அந்த இடத்தில் கையில் சதை தட்டுப்பட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

பூங்காவுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் போக வேண்டும் என்று இல்லை. கறுப்புச் சுடிதார், ஒரு நாப்கின், பையில் மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு நாளைக்கே போங்கள். அங்கே பயிற்சி செய்கிறவர்களில் இதே கசிவோடு வருகிற இரண்டு பேராவது கண்டிப்பாக இருப்பார்கள்.