உப்புக் காற்றில் நிற்கும் காருக்கு விலையுயர்ந்த மெழுகு தேவையா?

வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் கடலோரம் நிற்கும் உங்கள் கறுப்புக் காருக்கு, சாதாரண மெழுகைவிடப் பத்து மடங்கு விலையுள்ள கார்னாபா மெழுகை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பிரேசில் நாட்டுப் பனையினம் ஒன்றின் ஓலையிலிருந்து எடுக்கப்படும் அம்மெழுகு தனியே பூச முடியாத அளவுக்குக் கடினமானது என்பதால், விலை எதுவாயினும் டின்னுக்குள் கரைப்பானும் எண்ணெயும் கலந்தே இருக்கும். அதன் பளபளப்பு அழகுதான். ஆயினும் நம் வெயிலில் செயற்கைப் பாலிமர்ப் பூச்சே பொதுவாகக் கூடுதல் காலம் தாக்குப்பிடிக்கும். நிலாவெளி வீதியோரம் நிறுத்தும் என் காரின் பொனட்டில் காலையில் விரலை இழுத்தால் உப்பு நரநரக்கும். அதைக் கழுவாமல் துணியால் துடைத்தால் மெல்லிய கீறல்கள் விழும். ஆகவே வாரம் ஒருமுறை உவரில்லாத தண்ணீரால் கழுவி, ஈரம் போக ஒற்றியெடுங்கள்; பாலிமர்ப் பூச்சைப் பூசும்போது காரை நிழலில் வைத்துப் பூசுங்கள்.