கடன் வாங்கி ஜப்பானிய கேம்களைக் குவிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. சில ஆண்டுகளாக ஜப்பானிலிருந்து பழைய வீடியோ கேம்கள், கன்சோல்கள், கேம் கதாபாத்திரங்களின் பொம்மைகள் ஆகியவற்றை வரவழைத்துச் சேர்த்து வருகிறேன். ஓர் அறை நிறைந்துவிட்டது. கைக்கு வரும் சம்பளம் 100 என்றால் வீட்டுச் செலவுக்கு 45, வீட்டுக் கடனுக்கு 20, சேகரிப்புக்கு 18, ஓய்வுக்கால முதலீட்டுக்கு 5 போகிறது. மீதி கிரெடிட் கார்டு தவணைக்கும் சில்லறைச் செலவுக்கும் சரியாகிவிடும். கார்டில் இரண்டு மாதச் சம்பள அளவுக்குப் பாக்கி நிற்கிறது. இப்போது ஜப்பானிய ஏலம் ஒன்றில் நின்டெண்டோவின் பழைய கன்சோலான சூப்பர் ஃபாமிகாமுக்கான 300 கேம்கள் மொத்தமாக 6 லட்சம் யென்னுக்கு வந்திருக்கின்றன. 14 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுகளுக்குத் தனிநபர் கடன் தரத் தயாராக இருக்கிறார்கள். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்றால் கடன் அடைந்துவிடும் என்பது என் கணக்கு. யென் மலிவாக இருக்கும்போது வாங்கிப் போடுவதுதானே புத்திசாலித்தனம்? என் சேகரிப்பின் மதிப்பே 20 மாதச் சம்பளம் வரும். இதுதான் என் ஓய்வுக்கால முதலீடு என்று சொன்னால் மனைவி சிரிக்கிறார். இன்னொன்று: ஜப்பானில் மலிவாக விற்கும் நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கன்சோலையும் அதே பார்சலில் சேர்த்து வாங்கலாமா?

பதில்: கடன் வாங்க வேண்டாம். அந்த 300 கேம்களையும் வாங்க வேண்டாம். இதில் உங்கள் மனைவியின் பக்கம்தான் நான். ஆனால் சேகரிப்பதையே விட்டுவிடுங்கள் என்று சொல்லப் போவதில்லை. மனத்துக்குப் பிடித்ததற்குச் செலவழிப்பது குற்றமல்ல. செலவை முதலீடு என்று எழுதி வைப்பதுதான் கணக்கைக் கெடுக்கிறது.

முதலில் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். ஜப்பானிய ஏலத்தில் 10,000 யென்னுக்கு ஒரு கேம் கிடைக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர் நேரடியாக ஏலம் கேட்க முடியாது என்பதால் இடையில் ஒரு நிறுவனம் உங்களுக்காக வாங்குகிறது. அதன் கட்டணம் 500 யென் என்று வையுங்கள். விற்பவரிடமிருந்து அந்த நிறுவனத்தின் கிடங்குக்கு உள்நாட்டு அஞ்சல் 800 யென். அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு 2,700 யென். இதுவரை 14,000. உங்கள் நாட்டில் இறக்குமதி வரிகள் எல்லாம் சேர்ந்து 20 சதவீதம் என்றால் இன்னொரு 2,800. ஆக, 10,000 யென் பொருள் உங்கள் அலமாரிக்கு வரும்போது 16,800 யென்.

இதை நீங்கள் விற்கப் போகும் நாளைப் பாருங்கள். விற்பனைத் தளம் 12 சதவீதம் எடுத்துக்கொண்டால், கைப்பணம் திரும்ப வருவதற்கே சுமார் 19,100 யென்னுக்கு விற்றாக வேண்டும். அந்த விலையை யார் கொடுப்பார்? உங்கள் ஊரில் அதே கேமைத் தேடுகிறவருக்கும் அதே ஏலம் திறந்திருக்கிறது. அவரும் 16,800 யென்னில் வரவழைத்துவிட முடியும். காத்திருக்கும் நேரத்தை மிச்சப்படுத்தியதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம், அவ்வளவுதான். இறக்குமதி செய்து சேர்ப்பவருக்கு எப்போதும் தலைக்கு மேல் ஒரு கூரை இருக்கிறது: அடுத்தவர் தானே இறக்குமதி செய்துகொள்ளும் விலை. ஜப்பானிலேயே விலை ஏறினால் ஒழிய அந்தக் கூரை உயராது. பொருளை ஜப்பானுக்கே திருப்பி அனுப்பி விற்கலாம் என்றால் அஞ்சல் செலவை இரண்டாவது முறை கட்டுகிறீர்கள்.

வரிக் கணக்கும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. சிறிய பார்சல்களுக்கு இருந்த 22 யூரோ வரிவிலக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் எடுத்துவிட்டது. அமெரிக்கா 800 டாலர் வரை இருந்த விலக்கை 2025 ஆகஸ்டில் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. சுங்கத்துக்குப் பயந்து மதிப்பைக் குறைத்துப் போடச் சொல்கிறவர்கள் உண்டு. அது சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். பார்சல் தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைத்த தொகைக்குத்தான் கிடைக்கும்.

இனி யென். ஒரு நாணயம் மலிவாக இருக்கும்போது அந்த நாட்டுப் பொருளை வாங்குவது நல்ல நேரம்தான், வாங்கிப் பயன்படுத்துவதற்கு. 2011 அக்டோபரில் ஒரு டாலருக்கு சுமார் 76 யென். 2024 ஜூலையில் சுமார் 161 யென். 2011-இல் ஒருவர் 10,000 யென் கொடுத்து, அதாவது 131 டாலருக்கு ஒரு கேம் வாங்கினார் என்று வைப்போம். 2024-இல் அதன் விலை ஜப்பானில் இரட்டிப்பாகி 20,000 யென் ஆகியிருந்தாலும் டாலரில் அது 124 தான். விலை இரண்டு மடங்கு ஏறியும் அவருக்கு நஷ்டம். இனி யென் வலுப்பெற்றால் உங்களுக்கு எதிர்த் திசையில் நன்மை வரக்கூடும் என்பது உண்மை. ஆனால் அப்போது நீங்கள் நாணயத்தின் மீது பந்தயம் கட்டியிருக்கிறீர்கள். அதைப் பிளாஸ்டிக் பெட்டிகளாக, வட்டிக் கடனில், ஓர் அறையை அடைத்துக்கொண்டு செய்ய வேண்டியதில்லை.

இப்போது அந்த 300 கேம்கள். சூப்பர் ஃபாமிகாம் 1990 நவம்பரில் 25,000 யென்னுக்கு வந்த கன்சோல். அதற்கு 1,400-க்கும் மேற்பட்ட கேம்கள் வெளியாயின. அவற்றில் மாஜாங், பேஸ்பால், பச்சிங்கோ, குதிரைப் பந்தயம் என்று ஜப்பானிய உள்நாட்டு ரசனைக்காகச் செய்யப்பட்டவை ஏராளம். பழைய கேம் கடைகளில் மலிவு விலைத் தொட்டியில் கிடப்பவை அவைதான். மொத்தக் குவியலாக ஏலத்துக்கு வரும்போது அதில் நிறைந்திருப்பதும் பெரும்பாலும் அவைதான். அந்த ஏலத்தைப் பார்க்கும் முதல் ஆள் நீங்கள் அல்ல. டோக்கியோவின் அகிஹபாராவிலும் ஒசாகாவின் டென் டென் டவுனிலும் இதே தொழிலாக உட்கார்ந்திருக்கும் வியாபாரிகள் அஞ்சல் செலவே பெரிதாக இல்லாமல் அதை எடுத்துக்கொள்ள முடியும். அவர்கள் 6 லட்சத்துக்கு மேல் போகவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கும்.

குவியலின் படத்தில் புகழ்பெற்ற பெயர்களைப் பார்த்து மயங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். புகழும் அரிதும் ஒன்றல்ல. 1995-இல் வந்த க்ரோனோ ட்ரிக்கர் என்ற கேம் ஜப்பானில் 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அத்தனை பேர் வாங்கிய பொருளுக்குத் தட்டுப்பாடு எப்படி வரும்? மதர் 2 என்ற கேம் 1994-இல் ஜப்பானில் வந்தது. அதுவே அடுத்த ஆண்டு எர்த்பவுண்ட் என்ற பெயரில் அமெரிக்காவில் வெளியானது. அமெரிக்கப் பிரதிக்குச் சேகரிப்பாளர்கள் பெரிய விலை கொடுக்கிறார்கள். ஜப்பானியப் பிரதி அதன் ஒரு சிறு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. இரண்டும் ஒரே கேம், ஆனால் ஒரே பொருள் அல்ல. 2021 ஜூலையில் சூப்பர் மாரியோ 64-இன் சீல் உடைக்காத ஒரு பிரதி 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போன செய்தியை வைத்து உங்கள் அலமாரிக்கு விலை போடுகிறீர்கள் என்றால், அதுவும் அமெரிக்கப் பிரதிதான் என்பதை நினைவில் வையுங்கள். மேலும் ஜப்பானிய மொழி தெரியாதவருக்கு உரையாடல் நிறைந்த ரோல் பிளேயிங் கேமை விற்பது கடினம். படிக்காமலே ஆடக்கூடிய ஷூட்டிங், ஆக்‌ஷன் கேம்கள்தான் எல்லை தாண்டி ஓரளவு விலை போகின்றன.

கடன் கணக்கு இதோ. ஏல விலை 6 லட்சம். இடைக் கட்டணம், கடல் கடந்து வரும் செலவு, வரி எல்லாம் சேர்த்து 9 லட்சத்தைத் தொடும். கேம் பதிந்த 300 கார்ட்ரிட்ஜ்கள் பெட்டியோடு வந்தால் எடைக்கு மட்டுமல்ல, பார்சல் அடைக்கும் இடத்துக்கும் கட்டணம் கேட்பார்கள். 9 லட்சத்தை 14 சதவீதத்தில் 36 மாதங்களில் அடைக்க மாதம் சுமார் 30,760 யென் கட்ட வேண்டும். வட்டி மட்டும் 2 லட்சத்து 7 ஆயிரம். ஏலத்தில் தலைக்கு 2,000 யென்னாகத் தெரிந்த கேம், கடைசியில் தலைக்கு 3,700 யென் ஆகிறது. மாஜாங் கேமையும் சேர்த்துத்தான். இருநூறு கேம்களைப் படம் எடுத்து, பட்டியலிட்டு, பொதிந்து, அஞ்சலில் சேர்த்து விற்கும் வேலைக்கு உங்கள் கணக்கில் கூலியே இல்லை. தவணையோ முதல் மாதமே தொடங்கிவிடும்.

சேகரிப்பின் மதிப்பு 20 மாதச் சம்பளம் என்கிறீர்கள். அது விற்பவர்கள் கேட்கும் விலைகளைக் கூட்டியதால் வந்த எண் என்று சந்தேகிக்கிறேன். முடிந்துபோன ஏலங்களில் உண்மையில் கைமாறிய விலையைப் பாருங்கள். சுருகயா போன்ற ஜப்பானியக் கடைகள் தாங்கள் விற்கும் விலையோடு, உங்களிடமிருந்து வாங்கினால் கொடுக்கும் விலையையும் வெளியிடுகின்றன. இரண்டுக்கும் இடையே உள்ள பள்ளத்தைக் கண்டால் தூக்கம் தெளியும். அதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. உங்களுக்கு அவ்வளவாக ஒட்டாத பத்துப் பொருள்களை எடுத்து, ஒரு மாதத்துக்குள் விற்றுப் பாருங்கள். கட்டணம் கழித்துக் கையில் வந்த தொகையை, நீங்கள் மனத்தில் வைத்திருந்த மதிப்போடு ஒப்பிடுங்கள். பாதி வந்தால் மொத்தச் சேகரிப்பையும் பாதியாகவே எழுதுங்கள். வரும் பணம் நேராகக் கார்டு பாக்கிக்குப் போகட்டும்.

இந்தப் பொருள்கள் வயதாகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். சேமிப்பு வசதி உள்ள பல கார்ட்ரிட்ஜ்களுக்குள் ஒரு சிறு பேட்டரி இருக்கிறது. முப்பது ஆண்டுகளில் அது தீர்கிறது. பிசி எஞ்சின் டுவோ போன்ற கன்சோல்களில் கெப்பாசிட்டர் என்ற மின்பாகங்கள் கசிந்து மின்சுற்றுப் பலகையை அரிக்கின்றன. ஃபாமிகாம் டிஸ்க் சிஸ்டம் என்ற கருவியின் ரப்பர் பெல்ட் இளகிப்போகிறது. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட் என்பதால் அந்த அடாப்டரை 230 வோல்ட்டில் செருகினால் அன்றே கதை முடிந்துவிடும். ஏலத்தில் ஜங்க் என்று போட்டிருந்தால் ஓடுமா என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள், திருப்பியும் எடுக்கமாட்டார்கள். பராமரிப்புச் செலவு கேட்கும் பொருள், வட்டியும் வாடகையும் தராத பொருள். அதை ஓய்வுக்காலக் கணக்கில் நான் சேர்க்கமாட்டேன். வீட்டுக் காப்பீடு சேகரிப்புப் பொருள்களுக்கு எந்த வரம்பு வரை பொருந்தும் என்பதை மட்டும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். கார்டு பாக்கி தீரும் வரை சேகரிப்புக்குப் போகும் 18-இல் 15-ஐ அந்தப் பாக்கிக்குத் திருப்புங்கள், 3-ஐ வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க நிறுத்தச் சொன்னால் இரண்டாம் மாதம் உடைத்துவிடுவீர்கள் என்பதால்தான் அந்த 3. பாக்கி தீர்ந்த பிறகு மூன்று மாத வீட்டுச் செலவு கையில் சேரட்டும். பிறகு ஓய்வுக்கால முதலீட்டை 5-இலிருந்து 13 ஆக்குங்கள், சேகரிப்புக்கு 7 அல்லது 8 போதும். அதைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு டெபிட் கார்டில் மட்டும் செலவழியுங்கள். பொம்மைகளுக்கு முன்பதிவு செய்யும் பழக்கம் இருந்தால் ஜாக்கிரதை. பல மாதம் கழித்துப் பணம் கேட்பார்கள், வெளியீடு தள்ளிப்போய் நான்கைந்து பொருள்கள் ஒரே மாதத்தில் வந்து நிற்கும். பொருள் வரும் நாளில் அல்ல, முன்பதிவு செய்த நாளிலேயே அந்தத் தொகையைச் செலவாக எழுதிவிடுங்கள். எது என்ன விலை, எங்கே விற்கலாம் என்ற பட்டியல் ஒன்றை மனைவியிடமும் கொடுத்து வையுங்கள்.

ஸ்விட்ச் 2 பற்றி: ஜப்பானில் 2025-இல் 49,980 யென்னுக்கு வந்தது ஜப்பானிய மொழி மட்டுமே உள்ள மாதிரி. ஜப்பான் என்று பதிவான நின்டெண்டோ கணக்கோடு மட்டுமே அது இணையும். உங்கள் இப்போதைய கணக்கும் அதில் வாங்கிய கேம்களும் அதில் வராது. பல மொழிகள் உள்ள மாதிரிக்கு அங்கே அப்போதே 69,980 யென் வைத்தார்கள்; அஞ்சலும் வரியும் சேர்த்தால் மலிவு என்ற பேச்சே மிஞ்சாது. உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதால் மற்றப் பொருள்களோடு ஒரே பார்சலில் போட்டால் அதற்காக முழுப் பார்சலும் தடைபடலாம். உங்கள் நாட்டில் உத்தரவாதத்தோடு விற்பதை வாங்குங்கள், கார்டு பாக்கி தீர்ந்த பிறகு.