உடற்பயிற்சி செய்தால் இதய ஹார்மோன் ஏன் கூடுகிறது?

இதயம் வெறும் பம்பு அல்ல, ஹார்மோனும் சுரக்கும். ஏ.என்.பி. (ஏட்ரியல் நேட்ரியூரெட்டிக் பெப்டைடு), பி.என்.பி. (பி-வகை நேட்ரியூரெட்டிக் பெப்டைடு) என்ற இரண்டும் முக்கியமானவை. 1981-இல் ஆய்வாளர் அடோல்ஃபோ டி போல்ட் குழுவினர் எலியின் இதய மேலறைத் திசுவிலிருந்து எடுத்த சாற்றை வேறு எலிகளுக்கு ஊசியாகச் செலுத்தினார்கள். சிறுநீரும் உப்பும் மளமளவென்று வெளியேறின. ஏ.என்.பி. பிடிபட்ட கதை இது.

ஓடும்போது கால் தசைகள் ரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்ப, மேலறைச் சுவர் விரிகிறது. அந்த இழுவிசைதான் தூண்டுதல். சில நிமிடங்களிலேயே ஏ.என்.பி. ஏறி, ரத்தக்குழாய்களைத் தளர்த்துகிறது. மாடித் தொட்டி நிரம்பினால் உபரி நீர் வழிகுழாயில் போவதுபோல, மிகுந்த உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்வதும் இதுதான். அப்படியானால் ஓடும்போதே சிறுநீர் முட்ட வேண்டுமே? முட்டாது. அப்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும்.

ஓய்வெடுத்ததும் ஏ.என்.பி. விரைவில் இறங்கிவிடும். பி.என்.பி. சிறு பயிற்சியில் அதிகம் அசையாது. மாரத்தான் போன்ற நெடிய ஓட்டத்துக்குப் பிறகு ஏறி, சில நாட்களில் பழைய நிலைக்கு வரும்.

இதயச் செயலிழப்பைக் கண்டறியவும் பி.என்.பி. பரிசோதனை செய்வதால், ஓட்டத்துக்குப் பின் அது கூடினாலே இதயம் கெட்டுவிட்டது என்று பலர் பதறுகிறார்கள். ஆரோக்கியமானவருக்கு வந்துபோகும் அந்த ஏற்றம் மட்டும் நோயின் அடையாளம் அல்ல.