‘செத்த காலேஜ்’ என்று தேடுகிறவருக்கு என்ன கிடைக்கும்? – அருங்காட்சியக இணையதளச் சோதனை குறித்த கேள்வி பதில்

ஓவியங்களும் சிற்பங்களும் கொண்ட அருங்காட்சியகம் ஒன்றின் புதிய இணையதளத்தைப் பொதுமக்களிடம் கொடுத்துச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பை, ராயபுரத்தில் கூடும் எங்கள் வாசகர் வட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இத்தகைய சோதனைகளைச் சில ஆண்டுகளாகச் செய்துவருபவன் என்பதால், பணியில் சேர விரும்பும் உறுப்பினர்கள் எழுதி அனுப்பிய கேள்விகள் என்னிடம் வந்தன. அவற்றுக்கான பதில்கள் இவை.

கல்லூரி மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை: ஐயா, பயன்பாட்டுச் சோதனை என்பது தளத்தைக் காட்டி, ‘பிடித்திருக்கிறதா, புரிகிறதா’ என்று கருத்துக் கேட்பதுதானே? அதற்கு ஒரு கூகுள் படிவம் போதாதா?

போதாதம்மா. நம் ஊரில் யாரிடமாவது ஒரு தளத்தைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், ‘நல்லா இருக்கு சார்’ என்றுதான் பதில் வரும். விருந்துக்குப் போன வீட்டில் காபியைக் குறை சொல்லாத மரியாதை அது. அதே நபரிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு அருகில் பேசாமல் அமர்ந்திருங்கள். மெனுவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, விரல் திரைக்கு மேலே அந்தரத்தில் நிற்கும் இடம் ஒன்று வரும். நாம் தேடிப்போவது அந்த இடத்தைத்தான். ஐ.எஸ்.ஓ. 9241-11 என்ற சர்வதேசத் தரம் இதை மூன்றாகப் பிரிக்கிறது: நினைத்த வேலை முடிந்ததா, எவ்வளவு உழைப்பில் முடிந்தது, முடித்தவருக்கு மனநிறைவு உண்டாயிற்றா. படிவத்தால் மூன்றாவதை மட்டுமே கேட்க முடியும். அதற்கும் மரியாதையான பதில்தான் கிடைக்கும்.

பள்ளி ஓவிய ஆசிரியர், தண்டையார்பேட்டை: கொடுக்கும் வேலையை எப்படி எழுதுவது? ‘நுழைவுக் கட்டணத்தைக் கண்டுபிடியுங்கள்’ என்று கேட்டால் சரியாக இருக்குமா?

தளத்தில் இருக்கும் சொல் எதுவும் நீங்கள் கொடுக்கும் வேலையில் வரக்கூடாது. மெனுவில் ‘நுழைவுக் கட்டணம்’ என்று எழுதியிருக்கும்போது அதே சொல்லால் கேட்டால், நீங்கள் சோதிப்பது தளத்தை அல்ல, அவருடைய கண்பார்வையை. நான் வழக்கமாகச் சொல்வது இப்படி இருக்கும்: ‘உங்கள் தங்கை மகள் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்குப் பள்ளி இல்லை. அவளை அழைத்துக்கொண்டு போய்ப் படங்களைப் பார்த்துவர முடியுமா, மொத்தம் எவ்வளவு செலவாகும் என்று பார்த்துச் சொல்லுங்கள்.’ இதில் விடுமுறை, கட்டணம், குழந்தைகளுக்கான சலுகை, போகும் வழி ஆகிய நான்கும் அடங்கிவிடுகின்றன. வெள்ளிக்கிழமையை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை, தில்லி தேசிய அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை என்று ஊருக்கு ஊர் மாறும் செய்தி அது. ‘வார விடுமுறை நீங்கலாகத் திறந்திருக்கும்’ என்று மட்டும் எழுதிவிட்டு, எந்தக் கிழமை என்பதை வேறொரு பக்கத்தில் வைத்திருந்த தளத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

போகும் வழி பற்றியும் ஒரு சொல். பல தளங்கள் விமான நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுகின்றன. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு விம்கோ நகரிலிருந்து வருபவர் மெட்ரோ ரயிலின் நீல வழித்தடத்தில் சென்ட்ரல் வரை வந்து, அங்கே பச்சை வழித்தடத்துக்கு மாறி எழும்பூரில் இறங்க வேண்டும் என்பதை எழுத அவர்களுக்குத் தோன்றுவதில்லை. உங்கள் வேலைப் பட்டியலில் அது அவசியம் இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்: ஐந்து பேரிடம் சோதித்தால் போதும் என்று படித்தேன். இத்தனை இலட்சம் பேர் உள்ள ஊருக்கு ஐந்து பேர் எப்படிப் போதும்?

நீங்கள் படித்தது பயன்பாட்டு ஆய்வாளர்களான யாக்கோப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் வெளியிட்ட கணக்கிலிருந்து வந்தது. ஒருவர் சராசரியாக 31 விழுக்காட்டுக் குறைகளில் இடறுவார் என்று கொண்டால், ஐந்து பேருக்குள் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும். ஆறாமவர் பெரும்பாலும் முன்னவர்கள் விழுந்த குழியிலேயே விழுவார். ஆனால் அந்த ஐவரும் ஒரே வகையினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதில் உண்டு. மாணவர்களை அழைத்துப்போகும் ஆசிரியர், முதல்முறை வரும் குடும்பத்தலைவி, நுண்கலை மாணவர் ஆகியோர் ஒரே வகையினர் அல்லர். ஒவ்வொரு வகைக்கும் தனியே ஆள் வேண்டும். பதினைந்து பேர் கிடைத்தாலும் ஒரே மூச்சில் சோதிக்காதீர்கள். ஐவரிடம் சோதித்து, திருத்தி, அடுத்த ஐவரிடம் கொடுங்கள். திருத்தத்தில் புதிதாகப் புகுந்த தவறுகள் அப்போதுதான் தெரியும்.

தமிழாசிரியை, திருவொற்றியூர்: மாணவர்கள் தமிழில் தட்டச்சு செய்து தேடினால் தளத்தில் ஒன்றுமே வருவதில்லை. இதையும் சோதனையில் சேர்க்கலாமா?

அவசியம் சேர்க்க வேண்டும், அம்மா. தமிழ்த் தளங்களில் மிகப் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. ஆங்கிலப் பக்கத்தை மட்டும் சோதிப்பவர்கள் கண்ணில் அது ஒருபோதும் படாது.

எழும்பூரில் இருக்கும் திருவெண்காட்டு வெண்கலச் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். பதினோராம் நூற்றாண்டுச் சோழர் படைப்பு. வலப்பாதி சிவன், இடப்பாதி உமை. ஒருவர் அர்த்தநாரீஸ்வரர் என்று தேடுவார், இன்னொருவர் அர்த்தநாரீசுவரர் என்று எழுதுவார், தேவாரம் ஓதிப் பழகியவர் உமையொருபாகன் என்பார், வீட்டில் அம்மையப்பன் என்று சொல்பவர்களும் உண்டு. பட்டியலில் ஒரே ஒரு வடிவம்தான் பதிவாகியிருந்தால் மற்ற அனைவருக்கும் அந்தச் சிலையே இல்லை என்றாகிவிடும். அடுத்தது பன்மை விகுதியும் வேற்றுமை உருபும்: ‘சிற்பம்’ என்று பதிவானதை ‘சிற்பங்கள்’ என்றோ ‘சிற்பத்தை’ என்றோ தேடினால், சொல்லின் வேரைப் பிரித்தறியாத தேடலுக்கு அது வேறு சொல்.

மூன்றாவது குறை கண்ணுக்கே தெரியாதது. ‘கொ’ என்ற எழுத்தின் ஒற்றைக்கொம்பும் காலும் கணினியில் ஒரே குறியீடாகவும் சேமிக்கப்படலாம், இரண்டு தனித்தனிக் குறியீடுகளாகவும் சேமிக்கப்படலாம். எழுத்துகளுக்குக் குறியீடு வகுக்கும் யூனிகோடு தரப்படி இரண்டும் சமம். அதைச் சமன்செய்யாமல் எழுதப்பட்ட தேடலுக்கோ இரண்டும் அந்நியம். இதைவிட மோசமானது ‘கௌதமர்’ என்பதை, ஒற்றைக்கொம்பு போட்டு அருகில் ளகரத்தைத் தட்டி, ‘கெளதமர்’ என்று பதிவுசெய்வது. பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் இதை யூனிகோடும் சமமாகக் கொள்ளாது. அமராவதிப் புத்தரைத் தேடி வருபவருக்கு வெறும் பக்கமே கிடைக்கும்.

சோதிக்கும்போது ஒன்றை மறவாதீர்கள். தேட வேண்டியதன் பெயரை அச்சிட்டுக் கொடுத்தால் எல்லோரும் அதே எழுத்துக்கூட்டலைப் பார்த்து எழுதிவிடுவார்கள். ஆகவே வாயால் சொல்லுங்கள், அல்லது படத்தைக் காட்டி ‘இதைத் தேடுங்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள். பலர் தட்டச்சு செய்யாமல் மைக்கில் பேசுவார்கள், தடுக்க வேண்டாம். அவர்கள் முதலில் எழுதிய சொல்லையும் பேசிய சொல்லையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். என் பாட்டி தலைமுறை எழும்பூர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், 1985-இல் வண்டலூருக்குப் போகும் முன் மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும்தான் அழைத்தது. அந்தச் சொல்லை மெனுவில் போடச் சொல்லவில்லை; அப்படித் தேடுகிறவரையும் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வசதி தேடலுக்குள் இருந்தால் போதும்.

இணைய வடிவமைப்பாளர், வியாசர்பாடி: அண்ணா, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் நம் மக்கள் பேசவே மாட்டார்கள். அமைதியாகிவிடுகிறார்கள், அல்லது ‘எனக்குத்தான் இதெல்லாம் தெரியாது’ என்கிறார்கள்.

உண்மை. தொடக்கத்திலேயே, ‘இது நான் செய்த தளம் அல்ல, நீங்கள் தடுமாறினால் குறை தளத்தினுடையது’ என்று சொல்லிவிடுங்கள். அதற்கும் பயன் இல்லையென்றால், தனியாளாக உட்கார வைப்பதை விட்டுவிட்டு அறிமுகமான இருவரை ஒரே போனுடன் உட்கார வையுங்கள். தாயும் மகளும் அமர்ந்தால், ‘அதை ஏன்டி அழுத்தின?’ என்ற கேள்வியை நாம் கேட்கவே வேண்டாம், அம்மாவே கேட்டுவிடுவார். இதுவும் அங்கீகரிக்கப்பட்ட முறைதான். நேரம் அளக்க மட்டும் இதைப் பயன்படுத்தக்கூடாது.

பார்வையற்ற வாசகர், கொருக்குப்பேட்டை: என் போனில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வைத்துப் படிக்கிறேன். ஓவியப் பக்கங்களில் ‘ஐ.எம்.ஜி. பூஜ்யம் நான்கு’ என்பது போல ஏதோ வாசிக்கிறது. என்னைப் போன்றவர்களைச் சோதனைக்கு அழைப்பீர்களா?

முதல் சுற்றிலேயே அழைக்கிறோம், ஐயா. நீங்கள் கேட்டது கோப்பின் பெயர். படத்தில் இருப்பதைச் சொல்லால் விவரிக்கும் மாற்று உரை எழுதப்படவில்லை என்று அதற்குப் பொருள். ‘சோழர் காலச் சிலை’ என்று மட்டும் எழுதினால் கடமை கழிந்தது அவ்வளவே. மேலே சொன்ன திருவெண்காட்டுச் சிலைக்கு, ‘வலப்பாதி சிவன், இரு கைகள், இடப்பாதி உமை, ஒரு கை’ என்ற அளவுக்காவது உரை வேண்டும். பார்வை மங்கியவர்களுக்காக, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்று, இணையதளங்களை எல்லோரும் அணுகும்படி அமைப்பதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. வழிகாட்டி கூறுகிறது. வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளையில் போட்டு அழகு என்று நினைக்கும் வழக்கம் இதில் தோற்றுவிடும்.

நுண்கலை மாணவர், எண்ணூர்: படங்களைப் பெரிதாகத் தரச் சொல்லலாமா, அல்லது டேட்டா தீர்ந்துவிடும் என்று சிறிதாகவே வைக்கலாமா?

பெரிதாகவே. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் 2012-இல் உயர்தரப் படங்களை இலவசமாகத் தரவிறக்கக் கொடுத்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இல் 3,75,000 படங்களைக் கட்டுப்பாடின்றித் திறந்துவிட்டது. டேட்டா கவலைக்கும் வழி உண்டு: படத்தைச் சிறு ஓடுகளாக வெட்டிவைத்து, பார்ப்பவர் பெரிதாக்கும் பகுதியின் ஓடுகளை மட்டும் அனுப்பலாம். சோதனையை அலுவலக வைஃபையில் செய்யாமல் பங்கேற்பவரின் சொந்த போனில், சொந்த நெட்வொர்க்கில் செய்யுங்கள். ஓடுகள் சரியாக வருகின்றனவா என்பது அப்போதுதான் தெரியும்.

கணக்கர், புதுவண்ணாரப்பேட்டை: இறுதியில் மதிப்பெண் ஏதும் போட முடியாதா?

ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய, பயன்படுத்தியவர் எந்த அளவு ஒப்புக்கொள்கிறார் என்று குறிக்கும் 10 வாக்கிய அளவுகோல் இருக்கிறது. 0 முதல் 100 வரை வரும், 68 சராசரி எனக் கொள்வர். அது விழுக்காடு அல்ல. ஐந்து பேரை வைத்து எடுத்த மதிப்பெண்ணை அறிக்கையின் முதல் பக்கத்தில் போட்டால் நிர்வாகம் அதை மட்டுமே படிக்கும். அதற்குப் பதிலாக, ஒருவர் விடுமுறை நாளைத் தேடித் தடுமாறும் சில நொடிக் காட்சியை, அவர் சம்மதம் பெற்று, முகம் தெரியாமல் திரையை மட்டும் பதிவுசெய்து காட்டுங்கள்.

மீன் வியாபாரியின் மகன், காசிமேடு: எங்கள் பகுதியில் ஆள் சேர்த்துத் தருகிறேன். பணம் கொடுப்பீர்களா? எந்த நேரம் வரவேண்டும்?

கொடுக்க வேண்டும், தம்பி; ஒரு மணி நேர வேலையை இழந்து வருபவருக்கு டீயும் பிஸ்கட்டும் ஈடாகாது. வேலையை முடிக்க முடியாமல் போனவருக்கும் அதே தொகைதான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலையில் ஏலம் முடிந்து வலையும் கூடையும் ஒதுங்கிய பிறகு வருகிறோம். உட்கார நிழலும், போன் சார்ஜ் போட ஒரு பிளக் பாயின்ட்டும் மட்டும் பார்த்துவையுங்கள்.