கணினியோடு பேக்கேமன் (பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பலகை ஆட்டம்) ஆடும்போது அதற்கு மட்டும் வேண்டிய எண் விழுகிறதே, பகடையில் ஏதாவது செய்கிறார்களா?

நல்ல நிரல் எதுவும் அப்படிச் செய்வதில்லை, செய்ய வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. ஆனால் உங்கள் சந்தேகம் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆடத் தொடங்கிய புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். காய்களெல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கும், ஒன்றே ஒன்று தனியாக மாட்டிக்கொண்டு நிற்கும், கணினிக்குச் சரியாக அந்த எண் விழும், வெட்டிவிடும். ஒருமுறை என்றால் பரவாயில்லை, தினமும் இதே கதை என்றால் யாருக்கும் சந்தேகம் வரும்.

கோபத்தில் ஒரு நோட்டை எடுத்துவைத்து எண்ண ஆரம்பித்தேன். இரண்டு பகடையிலும் ஒரே எண் விழும் இரட்டை, சராசரியாக ஆறு வீச்சுக்கு ஒருமுறை வர வேண்டும். ஒரு வாரம் கோடு போட்டுப் பார்த்ததில் அதன் பக்கத்துக்கும் என் பக்கத்துக்கும் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. அது இரட்டை போட்டது மட்டும் மனதில் நின்றது, நான் போட்டதை மறந்துவிட்டேன்.

அப்படியானால் வெட்டு மட்டும் ஏன் தவறாமல் விழுகிறது? அதற்கான பதில் ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தில்தான் எனக்குக் கிடைத்தது. ஒரு காயைத் தனியாக விட்டே ஆக வேண்டிய நிலை. எதிராளியின் காயிலிருந்து ஆறு கட்டம் தள்ளி விடலாம், அல்லது ஏழு கட்டம் தள்ளி விடலாம். ஒரு கட்டத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று ஆறில் விட்டேன். வெட்டுப்பட்டது. பிறகு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். இரண்டு பகடைக்கு மொத்தம் 36 விதமான வீச்சுகள். ஏதாவது ஒரு பகடையில் ஆறு விழுவது 11. அதோடு 5-1, 4-2 இரண்டும் தலா இரண்டு வழி, இரட்டை மூன்றும் இரட்டை இரண்டும் தலா ஒன்று (இரட்டை விழுந்தால் அந்த எண்ணை நான்கு முறை வரை நகர்த்தலாம்). ஆகமொத்தம் 17, அதாவது ஏறக்குறைய பாதி! ஏழில் விட்டிருந்தால்? 6-1, 5-2, 4-3 மட்டும்தான், மொத்தம் 6. நடுவில் தடை இல்லாத வரை இதுதான் கணக்கு. பதினேழு வழியைத் திறந்துவைத்துவிட்டு பகடையைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கணினி இந்த எண்ணிக்கையை ஒவ்வொரு நகர்விலும் விடாமல் பார்க்கிறது. தன் காய்களை ஒரே இடத்தில் குவிக்காமல் பரப்பி வைப்பதால், எந்த எண் விழுந்தாலும் அதற்கு ஒரு நல்ல வேலை இருக்கும். நமக்கோ ஒரே ஒரு எண்ணை நம்பிக் காத்திருக்கும் நிலை. வெட்டுப்பட்ட காய் உள்ளே வருவதையும் பாருங்கள்: நுழைய வேண்டிய ஆறு இடத்தில் எதிராளி மூன்றை அடைத்திருந்தால் 36-ல் 27 வீச்சில் நுழையலாம், நான்கு அடைத்தால் 20, ஐந்து அடைத்தால் வெறும் 11. அந்த நேரத்தில் நமக்கு எண் விழவில்லை என்று தோன்றும். உண்மையில் கதவை முன்கூட்டியே ஒவ்வொன்றாகச் சாத்தியிருக்கிறது.

பகடையின் தயவும் இந்த வரலாற்றில் உண்டு. 1979-ல் மான்டி கார்லோவில் ஹான்ஸ் பெர்லினரின் நிரல், அப்போதைய உலகச் சாம்பியன் லூயிஜி வில்லாவை 7-1 என்று வென்றது. தன் நிரலுக்குப் பகடை நன்றாக விழுந்தது, வில்லாதான் அதைவிடச் சிறப்பாக ஆடினார் என்று பெர்லினரே பிறகு எழுதினார். அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். உண்மையான மாற்றம் 1990-களின் தொடக்கத்தில், ஐபிஎம்மில் ஜெரால்ட் டெசாரோ உருவாக்கிய டிடி-கேமன் என்ற நிரலோடு வந்தது. அது தன்னோடு தானே லட்சக்கணக்கான ஆட்டங்கள் ஆடிக் கற்றுக்கொண்டது. முதல் வீச்சில் 2-1 விழுந்தால் ஐந்தாம் கட்டத்தில் ஒரு காயைத் துணிந்து தனியாக வைப்பதுதான் பெரிய ஆட்டக்காரர்களின் வழக்கமாக இருந்தது. பின்னால் நிற்கும் இரண்டு காயில் ஒன்றை ஒரு கட்டம் நகர்த்துவது மேல் என்று அது காட்டியது, மனிதர்களும் மாற்றிக்கொண்டார்கள்.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? சரி, க்னூ பேக்கேமன் என்ற இலவச நிரலை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் பகடை எண்களை நாமே கையால் உள்ளிட முடியும். மேசையில் உங்கள் சொந்தப் பகடையை உருட்டி இரண்டு பக்கத்துக்கும் நீங்களே எண் கொடுத்து ஆடிப் பாருங்கள். நான் அப்படி ஆடினேன், அப்போதும் தோற்றேன். என் சந்தேகம் அன்றோடு போயிற்று. ஆட்டம் முடிந்ததும் அலசச் சொன்னால், யாருக்கு எவ்வளவு அதிர்ஷ்டம் அடித்தது, யார் எங்கே தவறினார்கள் என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். அதிர்ஷ்டம் என் பக்கம் இருந்தும் நான் தோற்ற ஆட்டங்களை அதில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

டபுளிங் க்யூப் (பந்தயத்தை இரட்டிப்பாக்கக் காட்டும் கட்டை) வைத்து ஆடுகிறீர்களா என்று கேள்வியில் சொல்லவில்லை. ஆடினால் இதையும் கவனியுங்கள். கணினி பந்தயத்தை இரட்டிப்பாக்கியதும் பயந்துபோய் விட்டுக்கொடுத்து நான் இழந்தவை ஏராளம். நான்கில் ஒரு ஆட்டம் வெல்லும் நிலை இருந்தாலே ஏற்கலாம். நான்கு முறை விட்டுக்கொடுத்தால் 4 போகும். நான்கையும் ஏற்றால் மூன்றில் 6 போகும், ஒன்றில் 2 வரும், நிகரமாக அதே 4. அதற்கு மேல் கொஞ்சம் வாய்ப்பு இருந்தாலும் ஏற்பதுதான் லாபம். காய்கள் எதுவும் வெளியேறாமல் இரட்டைத் தோல்வி ஆகும் ஆபத்து இருந்தால் மட்டும் இன்னும் எச்சரிக்கை வேண்டும்.

அப்புறம், எடுத்த எடுப்பில் மிக உயர்ந்த நிலையோடு மோத வேண்டாம். நடு நிலையில் வைத்து, தவறான நகர்வைச் செய்யும்போதே எச்சரிக்கும் பயிற்சி வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். உங்களைக் கோபப்படுத்திய ஆட்டத்தின் பதிவு இருந்தால் அதையும் திறந்து, வெட்டு விழுந்த இடத்தை விட்டுவிட்டு, அதற்கு ஒரு நகர்வு முன்னால் உங்கள் காய் எங்கே நின்றது, எத்தனை வீச்சுக்கு வழி திறந்திருந்தது என்று எண்ணுங்கள். எண்ணிக்கை பன்னிரண்டைத் தாண்டினால், வேறு எங்கே வைத்திருக்கலாம் என்று அந்த நிலையிலேயே தேடிப் பாருங்கள்.