வாசகர் கேள்வி - பதில்: நம் ஊர் வெயிலில் அடர்த்திக் கணக்கு

எங்கள் ஆய்வகத்தில் அடர்த்திக் குப்பியால் (மூடியில் துளையுள்ள, குறித்த கொள்ளளவுள்ள சிறு குப்பி) எத்தனாலின் அடர்த்தியை அளந்தால் பிள்ளைகளுக்கு 0.80 வருகிறது. புத்தகத்தில் 0.789. எங்கே தப்பு?
*– ஆய்வக உதவியாளர், பாளையங்கோட்டை*

புத்தகம் சொல்லும் 0.789 (ஒரு மில்லிக்கு இத்தனை கிராம்) என்பது 20 டிகிரி செல்சியஸ் கணக்கு. பங்குனி மாதத்து மத்தியானம் உங்கள் மேசைமேல் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள், 33-க்குக் குறையாது. சூட்டில் திரவம் விரியும், அடர்த்தி இறங்கும். எத்தனாலுக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.00086 வீதம் இறங்குவதால் 33 டிகிரியில் அது 0.778 ஆகியிருக்க வேண்டும். உங்களுக்கோ இறங்குவதற்குப் பதில் ஏறியிருக்கிறது. துப்பு அதில்தான் இருக்கிறது. பாட்டிலில் உள்ளது சுத்த எத்தனால் அல்ல, தண்ணீர் கலந்த 95 சதவீத ஸ்பிரிட்டாக இருக்கும். அது 20 டிகிரியில் 0.81, 33-இல் 0.80. லேபிளைப் பாருங்கள், பிள்ளைகளைத் திட்ட வேண்டாம்.

அளக்கும்போது மூன்று இடத்தில் சறுக்கும். குப்பியின் வயிற்றைப் பிடித்தால் கைச்சூட்டில் திரவம் மூடித் துளை வழியே வெளியேறி எடை குறையும், கழுத்தைப் பிடியுங்கள். உள்ளே ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் எடை குறையும். மூன்றாவது, பலர் விட்டுவிடுவது: திரவத்தின் எடையை அதே குப்பி கொள்ளும் தண்ணீரின் எடையால் வகுத்தால் கிடைப்பது ஒப்படர்த்திதான், அதாவது தண்ணீரைப்போல எத்தனை மடங்கு என்பது. அதை அந்த வெப்பநிலைத் தண்ணீரின் அடர்த்தியால் பெருக்க வேண்டும். 33 டிகிரியில் தண்ணீர் 1.000 அல்ல, 0.995. ஸ்பிரிட் ஆவியாகும் முன் சட்டென்று எடை போட்டுவிடுங்கள்.

அசிட்டோனுக்கு ஒரு புத்தகத்தில் 0.791, இன்னொன்றில் 0.784 என்று பார்த்துக் குழம்புவார்கள். இரண்டும் சரி: முதலாவது 20 டிகிரியில், இரண்டாவது 25-இல். கிளிசரின் அவ்வளவு அசையாது, 20-இல் 1.261, 33-இல் 1.25.

செக்கில் நல்லெண்ணெய் 15 கிலோ டின் வாங்கினால் 15 லிட்டருக்கு மேல் வருகிறது. லாபமா?
*– அம்பாசமுத்திரம் வாசகி*

லாபமுமில்லை, நஷ்டமுமில்லை. 30 டிகிரியில் நல்லெண்ணெய் ஒரு லிட்டர் சுமார் 915 கிராம். 15-ஐ 0.915-ஆல் வகுத்தால் 16.4 லிட்டர். எண்ணெயை எடைக்கு வாங்குவதே நல்லது. லிட்டர் கணக்கில் வாங்கினால் காலை 25 டிகிரியில் கிடைப்பதைவிட மத்தியானம் 38 டிகிரியில் லிட்டருக்கு 8, 9 கிராம் குறையும்.

15 லிட்டர் எண்ணெயை விடியற்காலையில் டின்னின் வாய்வரை ஊற்றி மூடினால், அதே 13 டிகிரி ஏற்றத்தில் சுமார் 135 மில்லி விரிந்து வழியும். கொஞ்சம் இடம் விட்டு ஊற்றுங்கள்.

பலரும் அடுத்துக் கேட்பது கலப்படம். கடலை எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் பாமாயிலுக்கும் அடர்த்தி மிக நெருக்கம். வீட்டுத் தராசால் பிரித்தறிய முடியாது. விளக்கெண்ணெய் மட்டும் 0.96 என்று தனியே நிற்கும்.

இன்வெர்ட்டர் பேட்டரி அமிலத்தின் ஒப்படர்த்தி காலையில் 1.240, மத்தியானம் 1.233. பேட்டரி போய்விட்டதா?
*– தென்காசி வாசகர்*

போகவில்லை. ஹைட்ராமீட்டர் (திரவத்தில் மிதக்கவிட்டு ஒப்படர்த்தி பார்க்கும் கருவி) கணக்கு 27 டிகிரிக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007 கூட்டுங்கள். பேட்டரித் தண்ணீர் 37 டிகிரி என்றால் 1.233-உடன் 0.007 சேர்த்து அதே 1.240.

டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிய கையோடு அளக்காதீர்கள். புதுத்தண்ணீர் மேலாக மிதந்து குறைத்துக் காட்டும். சார்ஜ் ஏறி நன்றாகக் கலந்தபின் அளவெடுங்கள். அளவு குறைகிறதே என்று ஆசிட் ஊற்றுவது பெரிய தவறு. பேட்டரியின் மற்ற அறைகளைவிட (செல்களைவிட) ஓர் அறை மட்டும் 0.030 குறைந்து நின்றால்தான் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

2.5 லிட்டர் கந்தக அமில பாட்டில் ஏன் அவ்வளவு கனக்கிறது?
*– மாணவர், சங்கரன்கோவில்*

அடர்த்தி 1.84, அமிலம் மட்டுமே 4.6 கிலோ. அமிலத்தில் தண்ணீரை ஊற்றாமல் தண்ணீரில்தான் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கியபடி ஊற்ற வேண்டும் என்பதற்கும் இந்தக் கனம் ஒரு காரணம். தண்ணீரை ஊற்றினால் அது மேலேயே நின்று, அங்கேயே கொதித்துத் தெறிக்கும். அமிலத்தை ஊற்றினால் கனத்தால் கீழே இறங்கும், சூடு தண்ணீர் முழுக்கப் பரவும்.

உப்பளத்தில் சொல்லும் ‘டிகிரி’ வெப்பநிலையா?
*– ஆறுமுகநேரி வாசகர்*

இல்லை, அடர்த்தி. போமே அளவு என்பார்கள். 145-இலிருந்து டிகிரியைக் கழித்து, வருவதால் 145-ஐ வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். கடல்நீர் 3.5 டிகிரி, அதாவது 1.025. வெயிலில் வற்றி 25 டிகிரியை, அதாவது 1.208-ஐ நெருங்கும்போது பாத்தியில் உப்பு விளையத் தொடங்கும். கடல்நீரிலுள்ள ஜிப்சத்தில் (கால்சியம் சல்பேட்) பெரும்பகுதி அதற்கு முன்பே படிந்திருக்கும். 29 டிகிரி வாக்கில் மிஞ்சிய தண்ணீரை வடித்துவிடுவார்கள். விட்டுவைத்தால் மெக்னீசியம் உப்புகளும் சேர்ந்து படிந்து, உப்பு கசக்கும், ஈரம் இழுக்கும்.