கீழை மரபுத் துறவு மடங்கள் பத்தி நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

வந்த கேள்விய எல்லாம் ஒன்னாப் போட்டு எழுதுறேன். பாதிப் பேரு ஒரே கேள்வியத்தான் கேட்டிருக்கீங்க, அதுக்கு ஒரு தடவதான் பதில். எனக்குத் தெரிஞ்சது மடங்களோட வரலாறு, வழிபாடு, கொஞ்சம் சபைச் சட்டம், அவ்ளோதான். விசா, டிக்கட் எல்லாம் என்கிட்ட கேக்காதீங்க.

கொட்டகலை, ஒரு டீச்சர்: ஓஎம்ஐ (அமலமரித் தியாகிகள் சபை) சாமியார், பெனடிக்ட் சபை சாமியார் எல்லாம் நம்ம பக்கம் பாத்திருக்கோம். கீழை மரபுத் துறவின்னா யாரு? அவங்களும் பாப்பரசருக்குக் கீழதானா?

ஆமா டீச்சர், முழுக் கத்தோலிக்கர்தான். நம்ம லத்தீன் திருச்சபை போக, ரோமோட ஐக்கியமா இருக்குற கீழைத் திருச்சபைங்க 23 இருக்கு. உக்ரைன், லெபனான் மரோனைட், மெல்கைட், கல்தேய, ஆர்மீனிய, பக்கத்துல கேரளாவுல சீரோ மலபார், சீரோ மலங்கரா இப்பிடி. அவங்க பூசை வேற, நோன்பு வேற, சட்டப் புத்தகமும் தனி, பாப்பரசர் 2ம் அருளப்பர் சின்னப்பர் 1990ல குடுத்தது, 91 ஒக்டோபர்ல இருந்து நடைமுறை.

துறவுல பெரிய வித்தியாசம் என்னன்னா, நம்ம பக்கம் அனேகமான சபை ஒரு வேலைக்காகத் தொடங்குனது, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மறைபரப்பு, அதனால பெரியவரு இன்னைக்கு ஹட்டன்ல போடுவாரு, நாளைக்கு மன்னார்ல போடுவாரு. பழைய கீழை மரபுல ஒருத்தர் சேர்றது சபையில இல்ல, ஒரு மடத்துல. அந்த மடம், அந்த மூப்பர், அந்த கோயில், சாவுற வரைக்கும். செபம்தான் அங்க முதல் வேலை, மாடு மேய்க்கிறதும் புத்தகம் அச்சடிக்கிறதும் அதுக்குப் பொறகு. 4ம் நூற்றாண்டுல புனித பசிலியார் துறவிங்களுக்கு எழுதி வச்ச ஒழுங்கு கூட கேள்வி பதில்தான் தெரியுமா, 300க்கு மேல குட்டிக் கேள்வி, 55 பெரிய கேள்வி, சிலதுக்குப் பக்கம் பக்கமா எழுதுவாரு சிலதுக்கு ரெண்டே வரி. நானும் அவரப் பாத்துதான் செய்றேன், கோவிக்காதீங்க. நம்ம பெனடிக்ட் சபைக்கு ஒழுங்கு எழுதுன புனித பெனடிக்ட் கூட தன்னோட ஒழுங்கோட கடைசி அதிகாரத்துல, "நம்ம தந்தை பசிலியாரோட ஒழுங்கப் படிங்க"ன்னு அனுப்பி வைக்கிறாரு, அதனால இது யாரோ தூரத்து ஆளுங்க கதை இல்ல.

மஸ்கெலியா, ராகலை, பதுளை, இன்னும் அஞ்சாறு பேரு: கீழைச் சாமியாருங்க கல்யாணம் பண்ணலாமாமே?

கல்யாணம் ஆனவர் அந்தத் திருச்சபைங்க பலதுல பங்குச் சாமியாரா வரலாம், குருப்பட்டம் வாங்குன பொறகு கட்ட முடியாது. ஆயர் கல்யாணம் ஆகாதவரா, இல்ல மனைவிய இழந்தவரா இருக்கணும். மடத்துத் துறவிக்கு கல்யாணமே கெடையாது. இந்தக் கேள்வி இதோட முடிஞ்சுது.

ஹட்டன், 22 வயசுத் தம்பி: எனக்கு இப்பிடி ஒரு மடத்துல சேரணும்னு ரொம்ப ஆச. எந்த சபை நல்லது? வெளிநாட்டு மடத்துல எடுத்துத் தாரேன்னு ஒருத்தர் பணம் கேக்குறாரு.

தம்பி, மொதல்ல ரெண்டாவதுக்கு பதில். அழைத்தலுக்கு ஏஜென்சி கெடையாது. பாஸ்போர்ட்ட குடுக்காத, அஞ்சு சதம் கட்டாத. எந்த மடமும் ஆள் புடிக்கிறதுக்கு தரகர் வைக்காது. மத்திய கிழக்குக்கு அனுப்புறேன்னு தோட்டத்துல காசு வாங்கிட்டுப் போன கதை நமக்கெல்லாம் தெரியும், இப்ப அதுக்கு சிலுவையும் போட்டுக்கிட்டு வாறானுங்க.

இப்ப விஷயத்துக்கு வாறேன். நீ லத்தீன் ஞானஸ்நானம் வாங்குனவன், அதனால இன்னொரு திருச்சபையோட மடத்துல நவசந்நியாசத்துக்கு, அதாவது துறவு வாக்குக்கு முந்துன பயிற்சிக் காலத்துக்கு, சேர்றதா இருந்தா ரோமுல அனுமதி வேணும், கீழைச் சட்டத்துல 451ம் இலக்கம். அத மடமும் உன் ஆயரும் பாத்துக்குவாங்க, நீ மொதல்ல உன் பங்குச் சாமியார்கிட்ட பேசு. நவசந்நியாசம் சில மடத்துல ஒரு வருஷம், தற்காலிக வார்த்தைப்பாடே (கொஞ்ச காலத்துக்கு மட்டும் குடுக்குற துறவு வாக்கு) இல்லாத பழைய ஒழுங்கு மடத்துல முழுசா மூனு வருஷம். மொழி படிக்கணும், மலையாளமோ அரபியோ உக்ரைனோ, கூட சுரியானியோ பழைய சிலாவிக்கோ. அடுத்த இலக்கம் 452 இருக்கே, அத நீ கட்டாயம் தெரிஞ்சுக்கணும். அப்பா அம்மா தாத்தா பாட்டிக்கு நீ உதவி செஞ்சே ஆகணும்ங்கிற நெலமையில இருந்தா மடம் உன்ன எடுக்கக்கூடாதுன்னு சட்டமே சொல்லுது. அம்மா இன்னும் கொழுந்துக்குப் போய்க்கிட்டு இருந்தா, தங்கச்சி படிச்சுக்கிட்டு இருந்தா, அத மறைக்காம சொல்லு.

வெறும் அமைதியான செப வாழ்க்கைதான் வேணும்னா, கண்டி அம்பிட்டியவுல சில்வெஸ்டர் பெனடிக்ட் சபை மடம் இருக்கு, யாழ்ப்பாணத்துல தோலகட்டி ஆச்சிரமம் இருக்கு, ஓஎம்ஐ தோமஸ் அடிகளார் 1928ல தொடங்குன செபமாலைத் தாசர் சபை. ரெண்டுமே லத்தீன்தான், ஆனா பஸ்ஸுல போய் பாத்துட்டு வரலாம்.

வெலிமடை: தோலகட்டி நெல்லிக் கிரஷ் இப்ப என்ன வெல?

கடையில கேளுங்க.

பண்டாரவளை, ஒரு அக்கா: கேரளாவுல குரிசுமலை, திருச்சிப் பக்கம் சாந்திவனம், ரெண்டுலயும் காவி கட்டிக்கிட்டு இருக்காங்க, ரெண்டும் கீழை மரபுதானே? அப்ப நாமளும் காவி கட்டி ஆசிரமம் வச்சா கீழை மரபு ஆயிருமா?

ஆகாது அக்கா. காவி, ஊதுவத்தி, தரையில உக்கார்றது, இதுல எதுவும் கீழை மரபு இல்ல, அது இந்தியப் பண்பாட்டுல கத்தோலிக்கம் வாழ்ற முயற்சி, நல்ல முயற்சிதான், ஆனா வேற விஷயம்.

சாந்திவனம் குளித்தலைக்குப் பக்கத்துல காவேரிக் கரையில, 1950ல மோன்ஷானின், லெ சோ ரெண்டு பிரெஞ்சு சாமியாருங்க தொடங்குனது. லத்தீன் வழிபாடு, பின்னாடி பெனடிக்ட் வழி வந்த கமால்டோலி சபையோட சேந்துச்சு. ஆக காவி உண்டு, கீழைத் திருச்சபை இல்ல.

குரிசுமலை அப்பிடி இல்ல. வாகமண் மலையில, நம்ம ஊரு மாதிரியே பக்கத்துல தேயிலை, பெல்ஜியம் சிஸ்டர்சியன் துறவி பிரான்சிஸ் மாயூவும் இங்கிலாந்து பெனடிக்ட் துறவி பீட் கிரிஃபித்ஸும் 1958ல அங்க போனாங்க. சீரோ மலங்கரா திருச்சபைக்குள்ள தொடங்குனது, அதனால அங்க மேற்குச் சுரியானி வழிபாடு. நாள் அங்க விடியக்கால தொடங்காது, பொழுது சாய சொல்ற ரம்ஷோ செபத்துல தொடங்கும், பொறகு தூங்கப் போகுமுன்ன, நடு ராத்திரி, விடியல், 3ம் மணி, 6ம் மணி, 9ம் மணின்னு ஏழு வேள. கிழக்கப் பாத்து நின்னு, எப்ரேம், சருக் யாக்கோபுன்னு பழைய சுரியானிக் கவிஞருங்க பேர்ல வாற பழைய பாட்டுகள சொல்றாங்க. எடையில மாட்டுப் பண்ணை வேல. பிரான்சிஸ் ஆச்சாரியா, மேல சொன்ன மாயூதான், அந்த செபங்கள இங்கிலிஷுக்குக் கொண்டுவர பல வருஷம் உழைச்சாரு. கிரிஃபித்ஸ் 1968ல சாந்திவனத்துக்குப் போயிட்டாரு, குரிசுமலை 1998ல ட்ராப்பிஸ்ட் சபையில (சிஸ்டர்சியன்ல கடும் ஒழுங்குப் பிரிவு) சேந்துச்சு, சுரியானி வழிபாட்ட விடல. காவிய உருவிட்டாலும் குரிசுமலை கீழை மரபுதான், அந்த ஏழு வேளச் செபத்த எடுத்துட்டா ஒன்னுமில்ல.

நுவரெலியா, முன்னாள் செமினறி அண்ணே: "ஒரு மடம், சாவுற வரைக்கும்"னு அழகா எழுதிட்டீங்க. உக்ரைன் பசிலியன் சபைக்கு ஜெனரல் (மொத்த சபைக்கும் தலைவரு) இருக்காரு, மாகாணம் இருக்கு, அச்சகம் இருக்கு. அவங்க கீழை மரபு இல்லையா?

நல்ல எடத்துல புடிச்சீங்க அண்ணே. பசிலியன் "சபை"ங்கிறதே ரோமோட சேந்த பொறகு வந்தது. 1596ல பிரெஸ்ட் ஐக்கியம், அதுலதான் அந்தப் பக்கத்துத் திருச்சபை ரோமோட சேந்துச்சு, 1617ல ருட்ஸ்கி ஆயர் தனித்தனியா கெடந்த மடங்கள ஒன்னாக் கட்டுனாரு, இயேசு சபை அமைப்பப் பாத்துதான் கட்டுனாரு. அவரோட கூட்டாளி யோசபாத்த 1623ல வித்தெப்ஸ்க்ல கொன்னாங்க, பின்னாடி புனிதரானாரு. 1882ல தொப்ரோமில் மடத்துல சீர்திருத்தம்னு சொல்லி நவசந்நியாசிங்கள இயேசு சபைக்காரங்க கையிலயே குடுத்தாங்க. அதுல வந்தவங்க நல்லாப் பிரசங்கம் பண்ணாங்க, 1895ல ஷோவ்க்வாவுல அச்சகம் போட்டாங்க. ஆனா மடத்து வாசன கொறஞ்சு போச்சு. அத நான் சொல்லல, அதே தொப்ரோமில்ல படிச்சு வந்த ஷெப்டிட்ஸ்கி பேராயரே உணர்ந்துதான் ஸ்தூதித் துறவிங்கள (பழைய பைசாந்திய மடத்து வழியில வாழ்றவங்க) மறுபடி எழுப்புனாரு, பழைய ஒழுங்கோட, உனிவ்ல உள்ள லாவ்ராவுல, அதாவது பெரிய மடத்துல.

அதே அண்ணே: இது அநியாயம். அச்சகமும் பிரசங்கமும் இல்லாட்டி அந்தத் திருச்சபையே அழிஞ்சிருக்கும். துறவி மடத்துக்குள்ளயே இருந்தா சனத்துக்கு யாரு?

ஹாலிஎல, நடுவுல ஒருத்தர்: ரெண்டு பேரையும்தானே ஸ்டாலின் புடிச்சு உள்ள போட்டான், இதுல எதுக்கு சண்ட?

ஹாலிஎலக்காரர் சொல்றது உண்ம. 1946ல உக்ரைன் கத்தோலிக்கத் திருச்சபையவே கலைச்சாங்க, பசிலியன் ஸ்தூதி பாகுபாடு பாக்கல. ஷெப்டிட்ஸ்கி பேராயரோட தம்பி கிளிமெந்தி, ஸ்தூதி மடத் தலைவரு, 1951ல விளாதிமிர் சிறையில செத்தாரு, 2001ல முத்திப்பேறு பட்டம், புனிதர் பட்டத்துக்கு முந்துன படி. ஆனா அண்ணே, நான் பசிலியன் சபை வேணாம்னு சொல்லல. சனத்துக்கு யாருன்னு கேக்குறீங்க, அதுக்கு பங்குச் சாமியாரு இருக்காரு. பெரட்டுக்கு எல்லாரும் மலைக்குப் போயிட்டா பிள்ளமடுவத்துல யாரு இருக்குறதுன்னு ஒரு கேள்வி இருக்குல்ல, அந்த மாதிரி ஒரு எடத்துல எப்பவும் வெளக்கு எரிஞ்சுக்கிட்டு இருக்கணும்னு கீழைத் திருச்சபைங்க நெனக்கிது. எல்லாத்தையும் வேலையா மாத்திட்டா பொறகு துறவு எதுக்கு? அண்ணே இன்னும் நாலு மெசேஜ் போட்டிருக்காரு, இங்க போட எடமில்ல, நேர்ல டீ குடிச்சுக்கிட்டு சண்ட போடுவோம்.

தலவாக்கலை, நர்ஸ் தங்கச்சி: முடிச்சுப் போட்ட கயிறு வச்சு செபிக்கிறாங்களே, அத எப்பிடி செய்றது?

கம்பளி நூல்ல முடிச்சு, 33, 50, 100 இப்பிடி வரும். பைசாந்திய மரபுல, அதாவது பழைய கிரேக்க வழிபாட்டு வழியில, உள்ளது. எடது கையில புடிச்சு ஒரு முடிச்சுக்கு ஒரு தடவ, "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, இறைமகனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்." அவ்ளோதான். நைட் டியூட்டில வார்டுல நடக்கும்போதே சொல்லலாம், செபமாலை மாதிரி தேவரகசியம் நெனக்கத் தேவையில்ல. ஆனா மூச்ச அடக்கி, தலையக் குனிஞ்சு நெஞ்சப் பாத்துன்னு வீடியோவுல காட்றாங்களே, அத தனியா செய்யாத. அது வழிகாட்டி பக்கத்துல இருந்து சொல்லித் தாறது. வார்த்த போதும்.

நாவலப்பிட்டி: புனித சார்பெல் எண்ணெய் எங்க கெடைக்கும்?

எண்ணெய் எனக்குத் தெரியாது, உங்க பங்குச் சாமியார்கிட்ட கேளுங்க. காசுக்கு விக்கிறவன்கிட்ட வாங்காதீங்க. எண்ணெயக் கேக்குற யாரும் அந்த ஆளப் பத்திக் கேக்கல. லெபனான் மரோனைட் சபைத் துறவி, அன்னாயா மடத்துல இருந்துட்டு 1875ல மேல உள்ள தனிக் குடிலுக்குப் போனாரு, 1898 நத்தாருக்கு முந்துன நாள் சாவுற வரைக்கும் 23 வருஷம் அங்கதான். பூசை வைக்கும்போதுதான் வாதம் வந்து விழுந்தாரு. 1977ல புனிதரு.

ஹப்புத்தளை: எல்லா கீழைத் துறவியும் பசிலியார் ஒழுங்கா?

இல்ல. மரோனைட், கல்தேய மடங்கள் புனித அந்தோனியார் பேர வச்சிருக்கு, நம்ம பதுவை அந்தோனியார் இல்ல, எகிப்து வனத்து அந்தோனியார். ஆர்மீனிய மெகித்தார் 1701ல தொடங்குன சபை பெனடிக்ட் ஒழுங்கையே எடுத்துச்சு, வெனிஸ் பக்கம் சான் லாசரோ தீவுல 1717ல இருந்து இருக்காங்க, ஆர்மீனியப் புத்தகம் அச்சடிச்சே பேர் வாங்குனவங்க. பெல்ஜியத்துல செவெத்தோன் மடத்துல ஒரே பெனடிக்ட் மடத்துக்குள்ள ரெண்டு கோயில், ஒன்னு லத்தீன், ஒன்னு பைசாந்தியம். கட்டம் போட்டுப் பிரிக்க முடியாது.

லிந்துல: வெளிநாட்டு மடத்துல எடுக்குறாங்கன்னு ஒருத்தர் பாரம் குடுக்குறாரு, 25,000 கட்டணுமாம்.

மேல ஹட்டன் தம்பிக்கு எழுதுனதப் படிங்க. பாரத்தோட அந்த ஆளயும் பங்குச் சாமியார்கிட்ட கூட்டிட்டுப் போங்க, வரமாட்டான்.

ராகலை, மறுபடி: கல்யாணம் ஆகி, மனைவி தவறிட்டா மடத்துல சேரலாமா?

இது புதுக் கேள்வி, அதனால பதில் உண்டு. சேரலாம், கல்யாண பந்தம் சாவோட முடிஞ்சுது. ஆனா வளக்க வேண்டிய பிள்ளைங்க இருந்தா அதே 452ம் இலக்கம் உங்களுக்கும்தான், அவங்க படிச்சு ஆளாகுற வரைக்கும் மடம் எடுக்காது.